ஆரியசாலைக் கடையும் இரு அரசுகளும்

ஆரியசாலையில் கடை நடத்தும் வாடிக்கையாளர், கட்டட வரியையும் தொழில் வரியையும் திருவனந்தபுரம் மாநகராட்சிக்குச் செலுத்துகிறார். பணம் சேருமிடம் மாநகராட்சி. எவ்வரியை விதிக்கலாம் என வரையறுப்பதோ மாநிலச் சட்டமன்றம். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தமும் அந்தப் பிடியை மாநிலத்திடமே விட்டுவைத்தது. தொழில் வரிக்கு அரசியலமைப்பு இட்ட உச்சவரம்பு, ஆண்டுக்கு 2,500 ரூபாய், 1988 முதல் அசையவே இல்லை.

நிதிப் பகிர்வில் கேரளம் தாராளமாகவே நடந்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு வழங்க வழிவகுத்தது. நெருக்கடி நேர்ந்தால்? 2015இல், அருகிலுள்ள தம்பானூரின் வெள்ளத்தைத் தடுக்க ‘ஆபரேஷன் அனந்தா’ மேற்கொள்ளப்பட்டபோது, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் துணைக்கொண்டு முன்னின்றது மாநில நிர்வாகமே. தெரு வடிகாலை நாள்தோறும் பேணும் பொறுப்பு மட்டும் மாநகராட்சியுடையது. அதற்கு அது நம்பியிருக்கும் சொந்த வருவாயில் முதன்மையானவை மேற்சொன்ன வரிகளே.