டயர்த் தூசும் சேதுக் கடலும்

மோட்டார் வண்டியால் காற்று கெடுகிறது என்றால் யாவரும் அதன் புகைக் குழாயையே சுட்டிக் காட்டுகின்றனர். சர்க்காரும் அதையே கவனிக்கிறது. 2020-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தேசமெங்கும் அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் புகையைக் கட்டுப்படுத்துகின்றன. மகிழத்தக்க காரியமே. ஆனால் வண்டியின் அசுத்தம் புகையோடு முடிந்துவிடவில்லை.

புதிய டயர் நாளடைவில் தேய்ந்து வழவழப்பாகி விடுகிறது. தேய்ந்த ரப்பர் எங்கே போயிற்று? ரப்பரும் கரியும் துத்தநாகமும் கலந்த நுண்தூளாய்ச் சாலையில் உதிர்ந்துவிட்டது. பிரேக்கிலிருந்து உலோகத் தூளும், சாலையிலிருந்து தாரும் கல்தூளும் அதனுடன் சேருகின்றன. ஒரு பகுதி காற்றில் கலந்து நமது சுவாசத்தில் புகுகிறது. எஞ்சியது மழை நீரோடு ஓடுகிறது.

சேதுக் கரையில் அந்நீர் போய்ச் சேருமிடம் கடலே. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை ராமேசுவரத்துக்கு ரயிலும் படகுமே கதி. இன்றோ சுமார் 2.3 கிலோமீட்டர் தூரம் கடலுக்கு மேலேயே கார்களும் பஸ்களும் லாரிகளும் ஓடுகின்றன. 1964-ல் புயல் அழித்த தனுஷ்கோடியைக் கடந்து, அரிச்சல்முனை வரை 2017-ல் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதன் ஒரு புறம் பாக் விரிகுடா. மறு புறம் மன்னார் வளைகுடா. இச்சாலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இரு கடலுக்கும் நடுவே உதிரும் தூசுக்கு யார் பொறுப்பு என்றே கேட்கிறோம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. பவளமும் கடற்புல்லும் ஆவுளியாவும் அங்கே காக்கப்படுகின்றன. சாலைத் தூசு மட்டும் கணக்கில் வராமல் இருக்கலாமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மடிந்து வந்தன. காரணம் 2020-ல் வெளிப்பட்டது. டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம், ஓஸோனுடன் கலந்து விஷமாகிறது என்று விஞ்ஞானிகள் கண்டனர். அம்மீன் நம் கடலில் இல்லை. எல்லா மீனையும் அவ்விஷம் அவ்வாறு கொல்வதுமில்லை. எனினும் அந்த ரசாயனம் உலகெங்கும் டயர்களில் சேர்க்கப்படுவதே. மீன் செத்து மிதந்த பிறகுதான் நாம் விழிக்க வேண்டுமா?

பிரேக்குகளில் செம்பைக் குறைக்க வாஷிங்டனும் கலிபோர்னியாவும் 2010-லேயே சட்டம் செய்தன. ஐரோப்பிய யூனியன் 2024-ல் நிறைவேற்றிய யூரோ 7 சட்டம், பிரேக் தூசையும் டயர்த் தேய்மானத்தையும் கட்டுக்குள் கொண்டுவருகிறது. நமது விதிகளில் இவற்றுக்கு வரம்பில்லை. மின்சார வண்டிகள் வந்தால் எல்லாம் தீருமென்பர். பிரேக் தூசு குறையும், உண்மை. பாட்டரியின் கனமோ டயரை அதிகம் தேய்க்கும்.

ஆகையால் டில்லி சர்க்கார் அடுத்த விதிகளில் டயரையும் பிரேக்கையும் சேர்க்க வேண்டும். பாலத்தடியிலும் சாலையோரத்திலும் நீரையும் மணலையும் ஆண்டுதோறும் பரிசோதித்து, முடிவைத் தமிழில் பிரசுரிக்க வேண்டும். யாத்திரிகரின் சொந்த வண்டிகளை முகுந்தராயர் சத்திரத்தில் நிறுத்தி, அப்பால் பஸ் விடலாம். நூறு வண்டி போகும் இடத்தில் சில பஸ்கள் போதும். வாங்க வருகிறவர்கள் கேட்கும் முன்பே, மீன் நல்லதென்று சொல்லும் ஆதாரம் நம் மீனவர் கையில் இருக்கட்டும். அவர்கள் பிழைப்பு அந்தக் கடலை நம்பியே இருக்கிறது.