பெஸ்கி என்றால் வீரமாமுனிவரா?

எட்டாவது படிக்கும் என் மகள் போன வாரம், "அம்மா, பெஸ்கி தெரியுமா உனக்கு?" என்றாள். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவளாயிற்றே நான்! "ஏன் தெரியாது? வீரமாமுனிவரோட இயற்பெயர். இத்தாலிக்காரர். 1732-ல சதுரகராதி தந்தவர்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஆங்கிலச் சொல்லாம். அதை வைத்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

விடுவேனா? எங்கள் தெருவில் இருக்கும் ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சரிடம் போய்க் கேட்டேன். 1700-களில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல்லாம். 'பெஸ்ட்' என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்றார். (சிறந்த என்கிற பெஸ்ட் இல்லை, பூச்சிக்கு மருந்தடிக்கிறார்களே, அந்த பெஸ்ட்.) பழைய நாளில் அதற்குக் கொள்ளைநோய் என்றே பொருளாம். ஆனால் பெஸ்கி அவ்வளவு பயங்கரம் இல்லை. காதோரம் ரீங்காரம் போடும் கொசு, பலகாரத்தை விட்டுப் போகாத ஈ, துவைத்தும் போகாத கறை, இப்படிச் சில்லறைத் தொல்லைகளுக்கு முன்னால் சேர்த்துச் சொல்வது. பெரிய வியாதியை, பெரிய துக்கத்தை யாரும் பெஸ்கி என்பதில்லை. நாம் 'பிடுங்கல்' என்று அலுத்துக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

ராத்திரி அவள் நோட்டைப் பார்த்தேன். 'என் பெஸ்கி அப்பத்தா கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. என் மாமியாருக்கு எண்பது வயது. ஒரு வருஷமாக ஞாபக மறதி. "சிலிண்டரை மூடிட்டியாம்மா?" என்று நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பார்.

"பெரியவங்களை இப்படியா எழுதுறது?" என்று அதட்டினேன். "நீதானேம்மா அடுப்படியில நின்னுக்கிட்டு, 'இந்தக் கெழவி பிடுங்கல் தாங்கலை'ன்னு சொன்னே? அதைத்தான் இங்கிலீஷ்ல எழுதினேன்" என்றாள்.

பேச்சே வரவில்லை. நல்லவேளை, அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷமே பகீரென்றது. நான் அடுப்படியில் சொன்னது தமிழில் அல்லவா? அவர் காதில் விழுந்திருக்குமோ, விழுந்தும் மறந்திருப்பாரோ? எப்படிக் கேட்பது?

மகள் ரப்பரை எடுத்து அப்பத்தாவை அழித்துவிட்டு, அந்த இடத்தில் கொசுவைப் போட்டாள். அப்போது ஹாலிலிருந்து, "சிலிண்டரை மூடிட்டியாம்மா?" என்று குரல்.

"மூடிட்டேன் அத்தை" என்றேன். அன்றைக்கு அது ஏழாவது தடவை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.