‘சர்வர் டவுன்’னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க! திரும்பத் திரும்ப வரும் கோளாறைப் பிடிக்கும் வழி

பவானியில் ஜமக்காளம் நெய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். எங்கேயோ ஓர் இடத்தில் ஓர் இழை விட்டுப்போனால் அது அந்த நேரத்துத் தவறு. நெய்ய நெய்ய ஒரே இடத்தில் நீளவாக்கில் கோடு விழுந்துகொண்டே வந்தால், கோளாறு அச்சிலோ விழுதிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் எத்தனை முழம் நெய்தாலும் கோடு போகாது.

கணினிக் கோளாறும் அப்படித்தான். ஒரு தடவை வந்துபோவது வேறு, ஒவ்வொரு மாசமும் அதே இடத்தில் வந்து நிற்பது வேறு. “போன மாசமும் இதேதான் வந்துச்சுங்க” என்று நாம் கவுண்டரில் சொல்கிறோம். “சர்வர் டவுன், நாளைக்கு வாங்க” என்று பதில் வருகிறது. ஓய்வூதியமோ கூலிப் பணமோ தள்ளிப்போகிறது. அம்மாபேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவருக்கு ஒரு நாள் வேலையும் போச்சு. இந்தச் சுழற்சியை நிறுத்த, கோளாறைப் பதிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய கணினி எப்படி நினைவில் வைக்கிறது?

வங்கி, காப்பீடு, விமானச் சேவை போன்ற இடங்களில் கோடிக்கணக்கான கணக்குகளைக் கையாள ‘மெயின்ஃபிரேம்’ எனும் பெரிய கணினிகள் பயன்படுகின்றன. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 இந்த வகைதான்.

இதில் ஒரு நிரல் பாதியில் நின்றுபோனால், அந்த நொடியில் நினைவகத்தில் இருந்தவற்றை அப்படியே நகலெடுத்து வைக்கலாம். இதற்கு ‘டம்ப்’ என்று பெயர். ஒரே கோளாறு நூறு தடவை வந்தால் நூறு நகல் சேர்ந்துவிடும்; புதுக் கோளாறு எது, பழையது எது என்று தெரியாமல் போகும். இதற்காகவே ஐ.பி.எம். மெயின்ஃபிரேமின் இயங்குதளத்தில் ‘டம்ப் அனாலிசிஸ் அண்ட் எலிமினேஷன்’ என்ற வசதி இருக்கிறது. எந்த நிரல் நின்றது, எந்தப் பகுதியில் நின்றது, பிழைக் குறியீடு என்ன என்பதையெல்லாம் சேர்த்து ஓர் ‘அடையாள வரி’யை அது உருவாக்கும். அதே வரி ஏற்கெனவே பதிவில் இருந்தால் புது நகல் எடுக்காது. “இது மறுபடியும் வந்தது” என்று எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொள்ளும்.

ஆக, திரும்ப வரும் கோளாறைப் பிடிக்க இரண்டு விஷயம் தேவை: ஒன்று அடையாளம், இன்னொன்று எண்ணிக்கை. ‘சர்வர் டவுன்’ என்ற சொல்லில் இந்த இரண்டுமே இல்லை.

உங்களுடையது எந்த வகை?

எல்லாருக்கும், ஒரே நேரத்தில்: கடைசி தேதி, மாதத் தொடக்கம் என்று கூட்டம் சேரும் நேரத்தில் மட்டும் நின்றால், பெரும்பாலும் சுமை தாங்காத பிரச்சினை. காலையிலோ இரவிலோ முயன்று பாருங்கள்.

உங்களுக்கு மட்டும், எப்போதும் ஒரே படியில்: உங்கள் பதிவில் பிழை இருக்க வாய்ப்பு அதிகம். மெயின்ஃபிரேமில் ‘எஸ்0சி7’ என்று ஒரு பிழைக் குறியீடு உண்டு. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமோ வேறு எழுத்தோ இருந்து, நிரல் அதை வைத்துக் கணக்குப் போட முயன்றால் இது வரும். எத்தனை நாள் காத்திருந்தாலும் இது தானாகச் சரியாகாது. அந்தப் பதிவைத் திருத்த வேண்டும், அல்லது நிரலைத் திருத்த வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கிக் கணக்கில் வேறு மாதிரியும் பெயர் இருப்பதையும் இதோடு சரிபாருங்கள்.

செயலியைப் புதுப்பித்த பிறகு: புதுப் பதிப்பில் கோளாறு இருக்கலாம். பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் செய்யும் முன் இன்னொரு போனில், இன்னொரு நெட்வொர்க்கில் ஒரு தடவை முயன்று பார்த்துவிடுங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு உங்கள் போனில் இருக்கலாம்.

போனில் குறித்துவைக்க வேண்டியவை

1. தேதி, நேரம். “காலைல”ன்னு போடாமல் “10.42” என்று எழுதுங்கள்.
2. விண்ணப்ப எண், அல்லது யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்.
3. திரையில் வந்த பிழைச் செய்தி, ஓர் எழுத்தும் மாறாமல். ஸ்கிரீன்ஷாட் நல்லது.
4. எந்தப் படியில் நின்றது.
5. இது எத்தனையாவது தடவை, முந்தைய புகார் எண் என்ன.

ஐந்தாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய எண்ணைச் சொல்லாமல் புதுப் புகார் கொடுத்தால், ஒவ்வொன்றும் தனித்தனிப் புகாராகவே பதிவாகி முடித்துவைக்கப்படும். இப்படி எழுதிப் பாருங்கள்: “இதே பிழை 3 மாதங்களாக இதே படியில் வருகிறது. முந்தைய புகார் எண்கள் இவை. காரணத்தைக் கண்டறிந்து சரி செய்யக் கோருகிறேன்.”

ஸ்கிரீன்ஷாட்டில் ஆதார் எண் முழுதாகத் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். ஓ.டி.பி.யையும் பின் எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. “சரி பண்ணித் தர்றேன், இந்த ஆப்பைப் போடுங்க” என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் பறிபோனால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

உங்களுக்கு இருக்கும் உரிமை

2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் கழிந்து அவருக்குப் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் திரும்ப வர வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றாலும், ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தாலும் 5 நாள் அவகாசம். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. நீங்கள் கேட்காமலே வங்கி அதைத் தர வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

மாநில அரசுச் சேவைகளுக்கு முதல்வர் உதவி மையம் 1100. ரேஷன் தொடர்பானவற்றுக்கு 1967.

எண்ணிக்கை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வு போதும். எச்.டி.எஃப்.சி. வங்கியின் மின்னணுச் சேவைகளில் 2 ஆண்டுகளாகத் தடங்கல்கள் திரும்பத் திரும்ப வந்ததைக் கணக்கில் எடுத்த ரிசர்வ் வங்கி, 2020 டிசம்பரில் புதிய டிஜிட்டல் திட்டங்களையும் புதிய கிரெடிட் கார்டு வாடிக்கையாளர் சேர்ப்பையும் நிறுத்திவைக்கச் சொன்னது. கார்டு தடை 2021 ஆகஸ்ட்டில் தளர்ந்தது. மீதித் தடை 2022 மார்ச்சில்தான் நீங்கியது. ஒரு நாள் தடங்கலை மட்டும் பார்த்து எடுத்த முடிவல்ல இது. திரும்பத் திரும்ப வந்தது பதிவில் இருந்ததால் எடுத்த முடிவு.

அடுத்த தடவை திரை நின்றுபோனால், போனைப் பைக்குள் வைக்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பிழையில் மாட்டிய பக்கத்து வீட்டுக்காரரையும் புகார் செய்யச் சொல்லுங்கள். ஒரே அடையாளத்தோடு பத்துப் புகார் சேர்ந்தால், அது பத்துப் பேரின் தனித்தனிக் குறை இல்லை, சரி செய்தே ஆக வேண்டிய ஒரே கோளாறு என்பது தெளிவாகிவிடும்.