வேலையிடத்தில் மின்கலன்கள்: எங்கே, எப்படி வைப்பது?

துளையிடும் கருவி, வாக்கி டாக்கி, மின்சைக்கிள் என இன்று பல வேலையிடங்களில் லித்தியம்-அயான் மின்கலன்கள் உள்ளன. வேலை முடிந்ததும் அவற்றை வாசலோர அலமாரியில் மின்னேற்றப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம் ஆபத்தானது.

கீழே விழுந்து அடிபட்டாலோ அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ மின்கலனுக்குள் வெப்பம் பெருகலாம். ஒரு கலத்தின் சூடு பக்கத்துக் கலத்துக்குத் தாவ, எரியக்கூடிய நச்சுவாயு வெளியேறித் தீப்பிடிக்கும். அணைந்ததுபோல் தெரிந்தாலும் மீண்டும் எரியக்கூடும்.

அதனால், வெளியேறும் வழியில் மின்கலன்களை வைக்கவே கூடாது. அங்கே தீ மூண்டால் உள்ளே இருப்பவர்கள் தப்ப வழியிருக்காது.

வெயில் படாத, காற்றோட்டமுள்ள, குளிர்ச்சியான இடத்தில், அட்டைப்பெட்டி, சாயம், தின்னர் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். நீண்டநாள் பயன்படுத்தாத மின்கலன்களில் 30 முதல் 50 விழுக்காடு மின்னூட்டம் போதும். ஆணி, திருகாணிகளோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். முனைகளை ஒட்டுநாடாவால் மூடுங்கள். உரிய மின்னேற்றியையே பயன்படுத்துங்கள். ஆளில்லாத நேரத்தில் மின்னேற்ற வேண்டாம்.

உப்பிய மின்கலனைப் பயன்படுத்தாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். புகை கண்டால் உடனே வெளியேறி, சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையை 995 எண்ணில் அழையுங்கள். கருவியை எடுக்க உள்ளே திரும்பிப் போகாதீர்கள்; அதை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.