இருக்கிற மூடை எங்கே இருக்கிறது?

சங்கக்கடை வரிசையில் நெடுநேரம் நின்று, "மா முடிந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பியவர்கள் எம்மில் பலர். சில வேளைகளில் மா உண்மையாகவே முடிந்திருக்கும். சில வேளைகளில் அது பின்னறையில் வேறு மூடைகளுக்குக் கீழே கிடக்கும். கடைக்காரருக்கே அது தெரியாது.

உலகின் மிகப்பெரிய கடை நிறுவனங்களுக்கும் இதே தொல்லை உண்டு. அமெரிக்காவின் வோல்மார்ட் நிறுவனம் இதற்கு ஒரு வழி தேடியது. தனக்குப் பொருள் வழங்கும் பெரிய நிறுவனங்கள் நூறும் 2005 ஜனவரி முதல் தமது பெட்டிகளில் வானொலி அலைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று 2003இல் அறிவித்தது.

இச்சீட்டில் மிகச் சிறிய இலத்திரனியல் சில்லு ஒன்றும் மெல்லிய அன்ரனாவும் உள்ளன. பற்றரி இல்லை. களஞ்சிய வாசலில் பூட்டிய கருவி அனுப்பும் வானொலி அலையிலிருந்தே சக்தி பெற்று, சீட்டு தன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்கிறது. சவர்க்கார உறையிலுள்ள கறுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கருவிக்குக் காட்ட வேண்டும். இதற்கு அது தேவையில்லை. லொறியிலிருந்து இறக்கி உள்ளே கொண்டு போகும்போதே, சில மீற்றர் தூரத்திலிருந்து பல பெட்டிகள் பதிவாகிவிடும். ஆனால் தண்ணீரும் உலோகமும் அலையைக் குழப்பும். தகரப்பேணிப் பெட்டிகள் சில வாசிக்கப்படாமலே போவதுண்டு.

2005இல் ஆர்க்கன்சோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இச்சீட்டைப் பயன்படுத்திய 12 கடைகளைப் பயன்படுத்தாத 12 கடைகளுடன் ஒப்பிட்டனர். இராக்கையில் பொருள் இல்லாமற் போவது 16 சதவீதம் குறைந்திருந்தது. பின்னறையில் இருந்தும் இராக்கைக்கு வராத பொருட்களின் பட்டியல் ஊழியர் கைக்குக் கிடைத்ததே காரணம். அவர்கள் போய் எடுத்து வந்து அடுக்கினார்கள்.

இதில் ஒரு குறையும் இருந்தது. சீட்டின் செலவு பொருள் வழங்குவோர் தலையில் விழுந்தது. பலர் முணுமுணுத்தனர். பெட்டிகளுக்கான அத்திட்டம் சில ஆண்டுகளில் மங்கியது. பின்னர் 2010இல் உடுப்புகளில் அதே நிறுவனம் மீண்டும் தொடங்கியது.

எமது சங்கத்தின் விதைநெல்லுக்கு இந்தக் கருவி வேண்டியதில்லை. மூடைக்கு ஓர் இலக்கம், வந்த திகதி, வைத்த இடம், கொண்டுபோனவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அங்கத்தவர் எவரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தால் போதும். விதைப்புக் காலம் தவறிய பின் பின்னறையிற் கண்டெடுக்கும் விதைநெல்லால் பயனில்லை. இருப்பதைக் காட்டுவது சீட்டின் வேலை. அதை உரியவர் கையில் சேர்ப்பது எமது வேலை.