காளை ஓட வேண்டும், படத்திலும்

பொங்கல் கழிந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களில் ஒன்றன்பின் ஒன்றாக வாடிவாசல் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். தென்னை நார் கொட்டி, இருபுறமும் தடுப்பு அடித்து, மாடத்தில் விழாக் கமிட்டி உட்கார்ந்ததும் கேமராக்களும் வந்துவிடும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம். அதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் நூறு படம். காளையின் நான்கு காலும் தரையில் இல்லை. திமிலை அணைத்த இளைஞனின் நகக்கண் வரை தெரிகிறது. கிளம்பிய மண் துகள் துகளாகக் காற்றில் நிற்கிறது. எல்லாம் துல்லியம். ஆனால் காளை ஓடவில்லை.

இந்தத் துல்லியத்துக்குக் காரணம் ஷட்டர் வேகம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காளை பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர். ஷட்டரை 1/2000 விநாடி மட்டும் திறந்தால் அந்த இடைவெளியில் காளை நகர்வது 5 மில்லிமீட்டர். கண்ணுக்கு அது நகர்வே கிடையாது. அதே காளையை 1/30 விநாடியில் எடுத்தால் 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கொம்பும் காலும் இழுபட்டுப் பதியும். இன்றைய கேமராக்கள் வெயிலில் தாமாகவே வேகமான ஷட்டரைத் தேர்ந்துகொள்கின்றன. எடுப்பவர் ஒன்றும் யோசிக்காமலேயே காளை உறைந்துவிடுகிறது. நம் மாவட்டப் படங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

உறைய வைப்பது ஒரு காலத்தில் பெரும் சாதனையாக இருந்தது. 1878 ஜூனில் அமெரிக்காவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, பாதையின் குறுக்கே நூல் கட்டி, சாலி கார்டனர் என்ற குதிரையை ஓடவிட்டார். குதிரை நூலைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கேமராவும் இயங்கியது. பாய்ச்சலில் ஒரு கணம் குதிரையின் நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன என்று அன்றுதான் உறுதியாயிற்று. கண்ணால் காண முடியாததை ஷட்டர் காட்டிக்கொடுத்தது. இன்று அந்த வேகம் எல்லார் கையிலும் இருக்கிறது. காளையின் கால் தரையில் இல்லை என்பது இனி யாருக்கும் செய்தி கிடையாது. வாடிவாசலைத் தாண்டி வரும்போது அது கிளப்பும் திகிலை எப்படிக் காட்டுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

அதற்கும் வழி கண்டவர் உண்டு. எர்ன்ஸ்ட் ஹாஸ் 1950களில் ஸ்பெயினில் காளைச் சண்டைகளைப் படம் எடுத்தார். அன்றைய வண்ண பிலிம் வெளிச்சத்தை மிக மெதுவாக வாங்கும். வேகமான ஷட்டர் வைத்தால் படம் இருண்டுவிடும். அந்தக் குறையையே அவர் முறையாக்கிக்கொண்டார். ஷட்டரை மெதுவாகத் திறந்து, காளையோடு கேமராவையும் திருப்பினார். மனிதனும் மாடும் துணியும் வண்ண வீச்சுகளாகக் கலந்து பதிந்தன. 'லைஃப்' இதழில் அந்தப் படங்கள் வந்தபோது, கலங்கிய படம் என்றால் கெட்டுப்போன படம் என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

காளையோடு கேமராவைத் திருப்பும் இந்த முறைக்குப் பேனிங் என்று பெயர். கேலரியில் நின்றபடி நம்மவர்கள் தாராளமாகச் செய்யலாம். காளை நம்மை நோக்கி நேராக வரும்போது இது பலிக்காது. பக்கவாட்டில் கடக்க வேண்டும். ஷட்டரை 1/30 அல்லது 1/40இல் வையுங்கள். கால்களை அசைக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்ப வேண்டும். பட்டனை அழுத்துமுன்பே காளையைத் தொடரத் தொடங்கி, அழுத்திய பிறகும் சற்றுத் தூரம் தொடர வேண்டும். பெரும்பாலானவர்கள் பட்டனை அழுத்தியதும் நின்றுவிடுகிறார்கள். படம் அங்கேதான் கெடுகிறது. சரியாக வந்துவிட்டால் காளையின் கண்ணும் நெற்றியும் தெளிவாக இருக்கும், கால்கள் கலங்கியிருக்கும், பின்னாலிருக்கும் கூட்டமும் தடுப்புக் கம்பும் படுக்கைக் கோடுகளாக ஓடும். பலமுறை முயன்றால் ஒன்று அமையும். அந்த ஒன்று போதும்.

காளை முழுவதும் கலங்கினால் அது காளை என்றே தெரியாது என்பதைக் கவனிக்க வேண்டும். கண் தெளிவாக நின்றதால்தான் கால் ஓடுவது தெரிகிறது. நகர்வைக் காட்ட விரும்புகிறவர் படத்துக்குள் நகராத ஒன்றை முதலில் தேடிக்கொள்ள வேண்டும். ஷட்டர் வேகத்தைப் பற்றி எத்தனை பாடம் படித்தாலும் நான் முடிவில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

ஒளிப்படக்கலை பிறந்தபோதே இது தெரிந்துவிட்டது. 1838இல் தாகேர் பாரிஸ் நகரத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். தட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆயின. வண்டியும் ஆளுமாக நெரிந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். நம் பக்கத்திலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் திருச்சி, தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைக் காகித நெகட்டிவ்வில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர் அவர். அவர் படங்களில் எழுத்து எழுத்தாகக் கல் பேசுகிறது; பிரகாரங்களிலோ பெரும்பாலும் ஆள் நடமாட்டமே இல்லை. காகித நெகட்டிவ்வுக்கு நீண்ட நேரம் ஒளி வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். கல் நின்றது, பதிந்தது. நடந்தவர்கள் பதியாமல் போனார்கள்.

அந்தக் குறையை இன்று நாம் வேண்டுமென்றே பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கு ரஞ்சன்குடிக் கோட்டையைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தோன்றவில்லை. 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை. 1751இல் ஆங்கிலேயர் தரப்பும் பிரெஞ்சுத் தரப்பும் மோதிய வாலிகொண்டா சண்டையைக் கண்ட இடம். அதன் பக்கத்திலேயே திருச்சி–சென்னை நெடுஞ்சாலை ஓடுகிறது. மாலையில் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். அதனால் வெளியே, சாலையை விட்டுத் தள்ளிப் பத்திரமான இடத்தில் டிரைபாடை ஊன்ற வேண்டும். சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது எடுங்கள். முழு இருட்டில் மதில் தெரியாது. ஐஎஸ்ஓ 100, அப்பெர்ச்சர் எஃப்/11, ஷட்டர் 20 விநாடி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி அந்த நேரத்தில் 330 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். லாரி பதியாது, அதன் முன்விளக்கு வெள்ளைக் கோடாகவும் பின்விளக்கு சிவப்புக் கோடாகவும் சாலை நெடுக நீளும். மேலே கருங்கல் மதில் அப்படியே நிற்கும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் சிமென்ட் ஆலை லாரிகளையும் இதே மாதிரி எடுக்கலாம். அங்கே சாலையோரத் தூசியே விளக்கு வெளிச்சத்தை வாங்கிப் புகையாய்ப் பதியும்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது; அரியலூருக்கு உண்டு. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் செந்துறை, சில்லக்குடி போன்ற சிறு நிலையங்களில் பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் நிற்பதில்லை. 110 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் ரயில் 1/30 விநாடிக்குள் ஒரு மீட்டர் போய்விடும். மூடிய கேட்டுக்கு வெளியே நின்று, காத்திருக்கும் சைக்கிள்காரரை முன்னால் வைத்து 1/15இல் எடுத்தால், அவர் நிற்பார், ரயில் நீலக் கோடாகப் போகும். கேட்டைத் தாண்டி ஓரடிகூட உள்ளே போகக் கூடாது. எந்தப் படத்துக்கும் அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் இந்த வட்டாரத்தின் உண்மையான அசைவு எங்கே இருக்கிறது என்று கேட்டால், களத்தைத்தான் காட்டுவேன். தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூருக்கு முன்னணி இடம். தை, மாசியில் எந்த ஊருக்குப் போனாலும் சாலையோரத்தில் மஞ்சளாகக் காயப்போட்டிருப்பார்கள். கதிரடிக்கும் மெஷின் ஒரு பக்கம் மணியைக் கொட்டும், மறுபக்கம் சக்கையை வானத்துக்கு வீசும். முறத்தில் அள்ளி உயரத் தூக்கி, காற்றுப் பார்த்துத் தூற்றும் பெண்களும் இருப்பார்கள். ஒரே காட்சியில் மூன்று வேகங்கள் இருக்கின்றன. மணி நேராக, விரைவாக விழுகிறது. சக்கை மெதுவாக மிதந்து ஒதுங்குகிறது. தூற்றுபவரின் முகம் அசைவதே இல்லை. காற்றின் திசையில் கண் வைத்து நிற்பார்.

இதை 1/1000இல் எடுத்தால் மணிகள் தனித்தனியாகக் காற்றில் தொங்கும். அழகுதான். 1/15இல் எடுத்தால் மணிகள் பொன்னிறச் சரங்களாக இறங்கும், சக்கை மெல்லிய திரையாக ஒதுங்கும், நடுவில் அந்த முகம் நிற்கும். உழைப்பு எது என்பது அந்தப் படத்தில்தான் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவே 1/125இல் எடுப்பது வீண். மணி உறைவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. லேசாகக் கலங்கி, கை நடுங்கியதோ என்ற சந்தேகத்தைத் தரும். கலக்கம் வேண்டும் என்று முடிவு செய்தால் அது தெரிந்தே செய்ததாகத் தெரியும் அளவுக்கு இறங்க வேண்டும். தயங்கித் தயங்கிப் பாதியில் நிற்கும் ஷட்டர் வேகம் எதற்கும் உதவாது. ஒன்று முக்கியம்: கேமராவைத் தூக்குமுன் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்ததைக் காட்டவும் செய்யுங்கள்.

நண்பகல் வெயிலில் ஷட்டரை மெதுவாக்கினால் படம் வெளுத்துப்போகுமே என்று கேட்கலாம். போகும். நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ 100 வைத்தால் 1/100 விநாடிதான் சரியான அளவு. அதற்குமேல் மெதுவாக்க லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டர் மாட்ட வேண்டும். ஆறு ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும். 1/100 விநாடி அரை விநாடியைத் தாண்டிவிடும். லாடபுரத்துக்குப் பக்கத்தில் பச்சைமலை அடிவாரத்திலிருக்கும் மயிலூற்று அருவிக்கு இது போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் இருக்கும் சில வாரங்களே வாய்ப்பு. அருவியைப் பட்டுத்துணி போல ஆக்கிய படங்கள் உலகம் முழுக்கக் குவிந்துகிடப்பதால் அதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. 1/8இல் எடுத்துப் பாருங்கள். தண்ணீருக்கு எடை இருப்பது தெரியும்.

கரைவெட்டி வேறு கதை. அரியலூர் மாவட்டத்தின் இந்தப் பறவைகள் சரணாலயம் சுமார் 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேட்டூர் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து ஏரி நிறைந்ததும் கூட்டம் கூட்டமாகப் பறவைகள் இறங்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் அவற்றில் உண்டு. இங்கே வேகமான ஷட்டருக்கு நியாயம் இருக்கிறது. பறக்கும் வாத்தின் உடம்பைவிட இறக்கை நுனி பல மடங்கு வேகமாக அசையும். இறகின் அடுக்கைப் பார்க்க 1/2000 வேண்டும். மீன்கொத்தி நீரில் பாயும்போது அதற்கும் மேல். இனம் பிரித்து அறிய விரும்புகிறவருக்கு அந்தத் தெளிவு அவசியம். விடியலில் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது கூட்டமாக எழும்பும் பறவைகளை 1/20இல் தொடர்ந்து எடுத்தால் வேறொன்று கிடைக்கிறது. எந்தப் பறவை என்று சொல்ல முடியாது, எழும்பும் இறக்கையின் ஓசை மட்டும் கேட்பதுபோல இருக்கும். இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டி, கல் எறிந்து பறவைகளைக் கிளப்புவது கொடுமை. பல ஆயிரம் மைல் பறந்து வந்து இளைப்பாறும் உயிர் அது. தானாக எழும்பும்வரை கரையில் உட்கார்ந்திருக்க முடியாதவர் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

திருவிழா இரவுகளில் புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் தேரோ, செட்டிகுளத்துப் பங்குனி உத்திரத் தேரோ, இப்போது எங்கும் எல்.இ.டி. விளக்குத் தோரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. வேகமான ஷட்டரில், அதிலும் செல்போனில், படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் மினுக்கம் அடங்கிவிடும். இன்னும் இறங்கி 1/4 வைத்தால் வடம் பிடிப்பவர்களின் கூட்டம் ஆறாக ஓடும். தேர் முட்டுக்கட்டையில் நிற்கும் கணமாகப் பார்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் மரச்சக்கரமும் சிற்பமும் தெளிவாக நிற்கும்.

செல்போன்காரர்கள் இதெல்லாம் பெரிய கேமராக்காரர்களுக்கு என்று ஒதுங்கத் தேவையில்லை. பல போன்களில் 'புரோ' என்ற பகுதியில் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கலாம். அசையாமல் பிடிப்பதுதான் பாடு. டிரைபாட் இல்லாவிட்டால் மதில் மேல் சாய்த்து வையுங்கள், பைக் சீட்டில் துண்டை மடித்து அதன் மேல் வையுங்கள். இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட்டால், பட்டனைத் தொடும் அதிர்வும் படத்தில் சேராது.