பிறர் பிரித்துப் படிக்கும் கடிதம்

அந்தக் காலத்தில் தோட்டத்திற்குக் கடிதம் வந்தால் முதலில் ஆபீசுக்குத்தான் போகும். அங்கிருந்து லயத்திற்கு வரும். எழுத்தறியாத பாட்டி அதைப் பள்ளி ஆசிரியரிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ நீட்டுவார். ஊரில் நிலம் அடகு போன செய்தியும், மகளுக்கு வந்த வரன் தட்டிப்போன செய்தியும் உரக்கப் படிக்கப்படும். பொழுது சாய்வதற்குள் குழாயடியில் அதே பேச்சாக இருக்கும். அதனால்தான் பலர் பதில் எழுதச் சொல்லும்போது, ‘இவ்விடம் அனைவரும் நலம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறர் பார்ப்பார்கள் என்றால் மனம் திறந்து பேச வராது அல்லவா?

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாதபடி 2016 முதல் பூட்டியே அனுப்புகிறார்கள். ஆனால், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருவர் அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பூட்டு என்ன செய்யும்? குழாயடி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அடையாள அட்டை சொல்லும் கதை

நமது அடையாள அட்டையில் 12 இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். ஆகவே, அந்த எண்ணைக் கொடுப்பவர் தம் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்.

2017-இல் நம் நாட்டில் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் வெளியே கசிந்தன. நாட்டின் மக்கள் தொகையைவிட அது அதிகம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவையும் அவற்றோடு போயின. இதனால் நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ‘போலீஸ் பேசுகிறேன்’ என்று ஒருவர் அழைத்து, உங்கள் பெயரையும் அட்டை எண்ணையும் பிசகாமல் சொன்னாலும் அவர் அதிகாரி என்பதற்கு அது சாட்சியாகாது.

தாய்மார்களே, இவற்றை நினைவில் வையுங்கள். வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் கோப்பின் பெயர் ‘ஏ.பி.கே.’ என்று முடிந்தால் திறக்காதீர்கள். அது அழைப்பிதழ் அல்ல; தொலைபேசிக்குள் புகும் திருடன். அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, எந்தக் காரியத்திற்கு என்பதை நகலின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் அமலில் இருக்கிறது. கடையோ வங்கியோ உங்களைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறது என்று கேட்கவும், பிழையிருந்தால் திருத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால், அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது.

வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

அப்படியானால் எதையும் எழுதாமல் இருப்பதே நல்லது என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியல்ல. குழாயில் தண்ணீர் வரவில்லை, சம்பளத்தில் காரணமில்லாமல் பிடித்தம் செய்கிறார்கள் என்றால் சொல்லத்தான் வேண்டும். குடிமக்களின் பேச்சுரிமையை அரசியலமைப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கூறுகிறது. அதற்கு வரம்புகளும் உண்டு.

1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தில் 233-ஆம் பிரிவு அத்தகைய வரம்பு. அன்றைய பிரதமரைக் கோமாளி முகத்தோடு வரைந்து இணையத்தில் வெளியிட்ட ஓவியர் ஃபாமி ரெசாவுக்கு, 2018-இல் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறைத் தண்டனை நீங்கியது. அபராதம் 10,000 ரிங்கிட்டாகக் குறைந்தது. 2025-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் இப்பிரிவின் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்தது.

எனவே, நியாயத்தைச் சொல்லுங்கள், நிதானமாகச் சொல்லுங்கள். கண்ணால் கண்டதைத் தேதியோடும் படத்தோடும் எழுதுங்கள். வசைச் சொல் வேண்டாம். சம்பளச் சீட்டைக் காட்டுவதானால் பெயரையும் எண்களையும் மறைத்துவிடுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் முகத்தை அவர்கள் அனுமதியின்றிப் போடாதீர்கள். ஊர் பேர் தெரியாத செய்தியை மற்றவருக்குத் தள்ளிவிடுவதும் நீங்களே சொன்னதற்குச் சமம்.

மறைக்க வேண்டியதை மறைக்கவும், சொல்ல வேண்டியதைச் சொல்லவும் தெரிந்த வீட்டில் பயத்துக்கு இடமில்லை. பாட்டி சொல்லாமல் விட்டதையெல்லாம் பேத்தியாவது தன் கையால் எழுதட்டும். அதை யார் படிக்கலாம் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.